ஐந்து நிறுத்தம், முந்நூறு லியோன்

ஏறு. காலை உள்ளே இழுத்துக்கொள்.
கேகே என்போம் இதை.
மூன்று சக்கரம், ஒரு பக்கம்தான் கண்ணாடி.
என் பெயர் யேபு கார்போ.
ஓட்டுவது பெண் என்பதால் கட்டணம் குறையாது.
முந்நூறு என்பது முன்பு மூன்று லட்சம்.
அரசாங்கம் ஒருநாள்
பணத்தின் வாலிலிருந்து மூன்று பூஜ்ஜியத்தை நறுக்கியது.
அரிசி விலைக்கு வலிக்கவே இல்லை.

முதல் நிறுத்தம், மரம்.
என்னைப் பார்க்காதே, அங்கே பார்.
அந்த வெட்டவெளிதான்.
ஃப்ரீடவுனின் நடுவே நின்ற இலவம்.
விலங்கு கழன்று கப்பலில் வந்தவர்கள்
அதனடியில் கூடிக் கும்பிட்டார்கள் என்பார்கள்.
மே மாதம், ராத்திரி, காற்றோடு மழை.
நான் அந்தப் பக்கம் பெட்ரோல் வரிசையில் இருந்தேன்.
சத்தம் நீ நினைக்கிற அளவுக்குப் பெரிதில்லை.
வௌவால்கள்தான் கத்தின.
இலவு காத்தது இங்கே கிளி இல்லை.
காய் வெடித்துப் பஞ்சு பறந்தபோதும்
ஏமாறாமல்
தலைகீழாய்த் தொங்கிக்கொண்டிருந்த கூட்டம் அது.

படம் எடுத்தாயா? ஆகாயம்தான் விழும். பரவாயில்லை.

இரண்டாவது, ஒரு கல்.
டச்சுக் கப்பல்காரர்கள் பெயர் வெட்டிவிட்டுப் போனது.
சாக்கடை தோண்டும்போது அகப்பட்டது.
பார்த்தார்கள், படித்தார்கள், எழுதிக்கொண்டார்கள்,
யாரும் கெடுத்துவிடக் கூடாதென்று
திரும்பப் புதைத்துவிட்டார்கள்.
எங்கேயா?
உன் செருப்புக்குக் கீழே எங்கேயோ.

க்ளைன் டவுனில் ரயில் உண்டு, தண்டவாளம் ஊரைத் தாண்டாது.
எஞ்சினுக்குப் பச்சை வண்ணம் பூசி
பித்தளையைத் துடைத்து வைத்திருக்கிறார்கள்.
ஏறி உட்காரலாம்.
நீ உட்கார்ந்தாய், ஜன்னலோரம்,
சுவர் நகருமென்று கொஞ்ச நேரம் காத்திருந்தாய்.
நான் வெளியே நிலக்கடலை வாங்கினேன்.

பழைய கல்லூரியைப் பற்றி என்ன சொல்ல?
சிவப்புக் கல், வரிசை வரிசையாய் ஜன்னல், கூரை மட்டும் இல்லை.
இந்தக் கரையில் முதல் பட்டதாரிகள் படித்த இடம்.
இன்று வகுப்பில் ஒரே ஓர் ஆடு.
அதுவும் அரைநாள்தான் வரும்.

மலையேறும்போது கேகே முனகும், பயப்படாதே.
ஐந்தாவது, சிம்பன்சிகள்.
வாசலில் ஃபோடே நிற்கிறான்.
உடம்பு எப்படி என்றேன். தேவலை என்றான்.
பூட்டு மட்டும் அசையவில்லை.
காடு வெட்டுவது நிற்கும்வரை
யாருக்கும் அனுமதி இல்லையாம், உள்ளிருப்பவர்கள் முடிவு.
யாருடைய முடிவு என்று கேட்டாய், சிரித்துக்கொண்டே.
அப்போது உள்ளேயிருந்து ஒன்று கத்தியது.
இன்னொன்று.
பிறகு மலை முழுக்க.
நீ தொப்பியைக் கழற்றினாய், ஏனென்று தெரியவில்லை.

திரும்பும் வழியில் நீதான் கேட்டாய்,
சரிவில் அந்தப் புது வீடுகள் யாருடையவை என்று.
சொல்லாமல் விட்டிருக்கலாம்.
அந்த நீலத் தகரம் தெரிகிறதா, மூன்றாவது,
என்னுடையது.
ஆமாம், அங்கே மரம் இருந்தது.
பட்டியலில் இல்லாத நிறுத்தம், காசு வேண்டாம்.
அதற்கு முன் குரூ பேயில் அக்காவோடு இருந்தோம்.
வௌவால் வீட்டுக்கு வௌவால் விருந்து போன கதை,
நீயும் தொங்கு நானும் தொங்கு.
மழை வந்தால் கட்டில் மிதக்கும்,
பிள்ளைகளைக் கட்டிலில் வைத்து
நாங்கள் விடிய விடிய நிற்போம்.
ஒரு மழையில் பக்கத்து வீடு இல்லை.
இப்போது எனக்குக் காய்ந்த தரை இருக்கிறது.
இரவில் அவை கத்துவது அங்கேயும் கேட்கும்.
தலையணையைக் காதில் வைத்துக்கொள்வேன்.

ஐந்தில் ஒன்றையும் காணவில்லை,
பாதி தருகிறேன் என்கிறாய்.
இருப்பதைக் காட்ட எவனும் போதும்.
இல்லாததைக் காட்டத்தான்
பெட்ரோல் அதிகம் குடிக்கும்.

சரி, இருநூற்றைம்பது கொடு.
சில்லறை இல்லை.
பார்த்து இறங்கு, சாக்கடை திறந்திருக்கிறது,
கால் எதிலாவது தட்டினால்
திட்டாதே,
அந்தக் கல்லாக இருக்கலாம்.